வட்டவிதானையார் முதல் கமக்காரர் அமைப்பு வரை
(கொட்டியாரப்பற்று உழவர் வரலாற்றில் ஒரு நோக்கு)

உலகியலுக்கு வேண்டிய அறங்களை வகுத்துக் கூறப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை, உழவுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். அதனை மேடைதோறும் எடுத்துப் பேசி மகிழ்கின்றோம். ஆயின் உழவனுக்கு நாம் செய்யும் மரியாதை பெரும்பாலும் அம்மேடையோடு முடிந்துவிடுகின்றது. எந்நெல்லை விதைப்பது, எந்நாளில் துருசைத் திறப்பது, எவ்வுரத்தை இடுவது என்னும் வினாக்கள் எழும்போது, உழவனைக் கேட்பார் எவர்? அவனுக்குச் சொல்லுவார் பலர். அவனைக் கேட்பார் சிலரே.

இந்நிலை என்றும் இவ்வாறே இருந்ததன்று. வயலைப் பற்றிய முடிவை வயற்காரரே கூடியிருந்து எடுத்த காலம் ஒன்று இருந்தது. அவ்வுரிமை கைமாறியதும், திரும்பியதும், மீண்டும் நழுவியதும் ஒரு நெடுங்கதை. கங்கையும் வெருகலாறும் பாயும் எமது கொட்டியாரப்பற்றிலே, நெல்லை உண்டு வளர்ந்த இளைஞர் இக்கதையை அறிந்திருத்தல் நன்று என்னும் கருத்தினால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கைதி கண்ட வயல்

மூதூர்க் கரையிலிருந்தே தொடங்குவோம். 1659ஆம் ஆண்டின் இறுதியிலே, புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அடுத்த ஆண்டிற் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும் அவர் மகன் இராபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்து, பின் தப்பியோடி, 1681இல் இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார். அவர்கள் பிடிபட்ட இடமெனப்படும் புளியமரத்தடியிற் பிற்காலத்தில் நினைவுக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. இவ்வளவும் நம்மிற் பலர் அறிந்ததே.

அந்நூலில் உழவைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதியைப் படித்தோர் சிலரே. கண்டிநாட்டு மக்கள் ஒருவர் வயலில் ஊரார் யாவரும் கூடி உழுவதையும், ஒருவர் கதிரை அறுத்து முடித்தபின் அடுத்தவர் வயலுக்குச் செல்வதையும் அவர் வியந்து எழுதினார்.  கூலியின்றி மாற்றாளாய் நின்று உதவும் இவ்வழக்கம் கண்டிக்கு மட்டும் உரியதன்று. எமது ஊர்களிலும் சூடு மிதிக்கும் களத்திலே இது வாழ்ந்தது என்பதை மூத்தோர் அறிவர். உழவு தனியொருவன் தொழிலன்று, ஊரின் தொழில் என்பதற்கு அந்நியர் ஒருவரின் எழுத்தே சான்றாயிற்று.

ஏன் ஊரின் தொழில் ஆயிற்று? நீர் பொதுவாதலின். மேல்மடையில் உள்ளவன் ஒருநாள் அதிகம் அடைத்தால் கடைமடையில் உள்ளவன் பயிர் வாடும். ஒருவன் முந்தி விதைத்து மற்றவன் பிந்தி விதைத்தால், முந்தியவன் அறுவடைக்கு வயலை உலர்த்தும்போது பிந்தியவனுக்கு நீர் வேண்டியிருக்கும். பூச்சியும் ஒரு வயலினின்று மறு வயலுக்குத் தாவிப் பெருகும். வேலியை ஒருவன் அடையாவிடின் கட்டாக்காலி மாடுகள் எல்லோர் பயிரையும் மேயும். ஆகவே நெல்வயலில் தனித்த அறிவுடைமை பயன்படாது. கூட்டு முடிவே பயன்படும்.

பண்டைச் சபைகள்

தமிழகத்திலே உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலையாற் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. குளத்தைக் காப்பதற்கெனவே ஒரு குழு. அதற்கு ஆண்டு எல்லை. தவறு செய்தவன் மீண்டும் வரமுடியாத விதி. எமது மாவட்டத்திலும் கந்தளாயிலே சோழர் காலத்தில் சதுர்வேதிமங்கலமும் அதன் சபையும் இருந்தமையைத் தமிழ்க் கல்வெட்டுக் காட்டுகின்றது. கந்தளாய்க் குளத்தை மகாவம்சம் அநுராதபுர மன்னரோடு இணைக்கின்றது. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டு மன்னனோடு இணைக்கின்றது. கட்டியவர் யாராயினும், அக்குளத்தைத் தலைமுறை தலைமுறையாக மண் போட்டும் புல் வெட்டியும் காத்தவர் பெயரில்லாத உழவரே.

ஆயினும் பழமையெல்லாம் பொன் என்று கூறிவிடலாகாது. அச்சபைகளில் அமர்ந்தவர் நிலமுடையோரே. சேற்றில் நின்று நாற்றுப் பிடுங்கியவனுக்கும், குத்தகைக்கு உழுதவனுக்கும் அங்கே இடமில்லை. இக்குறை பின்வரும் காலம் முழுவதும் நிழல்போலத் தொடர்வதைக் காண்போம்.

ஆங்கிலேயர் கண்ட பாடம்

1832இல் ஆங்கில அரசாங்கம் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையை ஒழித்தது. அம்முறை கொடுமை மலிந்தது, ஒழிந்தது நன்றே. ஆயின் அதனோடு குளத்தையும் வாய்க்காலையும் பேணக் கூடிய கடமையும் அறுந்துபோயிற்று. கட்டுக்கள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. வழக்கத்தை மீறியவனைக் கேட்பாரில்லை.

இதனை உணர்ந்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். அவர் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. புதியதொன்றைப் புகுத்துவதன்று, பழைய வழக்கங்களை உயிர்ப்பித்து நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம். வயலுடையோர் கூடித் தம் வட்டாரத்து வழக்கம் இன்னதெனத் தாமே கூறவும், நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் தலைவனைத் தெரியவும், பிணக்குகளை ஊர்ப் பெரியோர் தீர்க்கவும் அச்சட்டம் இடமளித்தது. கிழக்கிலே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அக்காலத்திலேயே.

அத்தலைவனைச் சிங்களத்தில் 'வெல் விதானே' என்பர். கிழக்கில் 'வட்டவிதானை' என்பர். வட்டை என்பது வயல்வெளி. விதைப்பு நாளையும், வேலியடைப்பு நாளையும், வாய்க்கால் வெட்டு நாளையும் கூட்டத்தில் அறிவிப்பவர் அவரே. ஒவ்வொருவனும் எத்தனை முழம் வாய்க்கால் வெட்டவேண்டும் என்று அளந்து கொடுப்பவரும் அவரே. அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. களத்திலே நெல்லாகச் சுவந்திரம் கொடுத்தவன் உழவனே. எனவே அவர் கச்சேரிக்கு எவ்வளவு கடமைப்பட்டாரோ அவ்வளவு களத்துக்கும் கடமைப்பட்டார். இது நுட்பமான ஏற்பாடு என்பதை நோக்குக.

குறையும் இருந்தது. பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பத்தவரே வட்டவிதானையாயினர். மேல்மடை பெரியவர் வயலாகவும் கடைமடை ஏழை வயலாகவும் இருந்த இடங்களில் நீதி மேல்மடையோடு நின்றுவிட்டதும் உண்டு.

திணைக்களம் வந்தது

1912இல் விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் தொடக்கக் கவனம் பெரிதும் தோட்டப் பயிர்களின் மேலேயே இருந்தது. நெல்லின்பாற் கண் திரும்பியது பின்னரே. 1952இல் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1958இல் எச்-4 என்னும் கலப்பின நெல் அங்கிருந்து வெளிவந்தது. பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களை விதைத்துவந்த கைகள் அதனையும் ஏற்றன. விஞ்ஞானத்தின் இக்கொடையை யாரும் மறுக்கலாகாது.

ஆனால் அக்கொடை வந்த வழியைச் சிந்திக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் அறிவு பிறக்கும். விவசாயப் போதனாசிரியர் அதனைக் கொண்டு வருவார். உழவன் கைகட்டிக் கேட்பான். அறிவு மேலிருந்து கீழே பாயும் வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டது. வயலின் அனுபவம் மேலே செல்ல வாய்க்கால் வெட்டப்படவில்லை.

தஞ்சையில் நிகழ்ந்ததை ஒப்பிடுக. 1960களிற் திருச்சி வானொலி நிலையம் வயலும் வீடும் பற்றிய நிகழ்ச்சிகளை நடத்தியபோது, ஆடுதுறை-27 என்னும் நெல்லினம் அவ்வானொலியினால் பரவி, உழவர் வாயில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. அங்கே உழவர் குழுவாகக் கூடியிருந்து கேட்டனர், விவாதித்தனர். விவாதம் நடந்த இடத்தில் புதுமை விரைந்து வேரூன்றியது.

1958: தெரிந்தெடுத்த குழுக்கள்

இலங்கை உழவர் வரலாற்றில் 1958ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு நிலத்தில் உறுதியும், வாரத்துக்கு எல்லையும் வகுத்தது. அதனினும் பெரியது இன்னொன்று: உழவரே வாக்களித்துத் தெரியும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அது உண்டாக்கியது. வட்டவிதானையின் கடமைகள் அக்குழுக்களிடம் சென்றன. உத்தரமேரூரில் இடம்பெறாத உழுகுடி இங்கே இடம் பெற்றான்.

குழுக்கள் எங்கும் சிறந்து விளங்கின எனக் கூறமுடியாது. பணம் போதவில்லை. நிலவுடையோரின் எதிர்ப்பு வலிது. சட்டம் வரமுன்னரும் வந்தபின்னரும் குத்தகையாளர் பலர் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் கணக்கெழுதவும், கூட்டம் நடத்தவும், அதிகாரியோடு நேர்நின்று பேசவும் ஓர் உழவர் தலைமுறை அங்கே பயின்றது. பயிற்சி முற்றுமுன்னரே காட்சி மாறிற்று. 1972ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விவசாய உற்பத்தித்திறன் சட்டத்தின் வழிவந்த குழுக்கள் நியமனக் குழுக்களாயின. வாக்கு மறைந்தது, அமைச்சர் கையொப்பம் வந்தது. 1977இல் ஆட்சி மாறவே அந்நியமனங்களும் மறைந்தன. 1979இல் கமநல சேவைச் சட்டம் வேறோர் அமைப்பை வகுத்தது. இருபதே ஆண்டில் மூன்று அமைப்புக்கள்! நாற்றை மாதமொரு தரம் பிடுங்கி நட்டால் அது எவ்வாறு வேர் பிடிக்கும்?

அக்காலத்திலேயே உலக வங்கியின் துணையோடு 'பயிற்சியும் தரிசிப்பும்' என்னும் விரிவாக்க முறை வந்தது. குறித்த நாளில் உத்தியோகத்தர் தொடர்பு விவசாயியைச் சந்திப்பார். அவர் அயலாருக்குச் சொல்வார். ஒழுங்கு இருந்தது, ஆனால் பாடம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. 1980களின் இறுதியிற் கிராமங்களில் நின்ற விவசாய விரிவாக்க உத்தியோகத்தர் பெருந்தொகையினர் கிராம சேவையாளர் பணிக்கு மாற்றப்பட்டபோது, அந்த ஒழுங்கும் குலைந்தது. உழவர் கையில் இல்லாத சேவை, ஒரு சுற்றுநிருபத்தினால் மறையக்கூடியது என்பது அன்று தெளிவாயிற்று.

கல்லோயாவின் பாடம்

இவ்வளவு குறைகளுக்கிடையே கிழக்கிலே ஒரு விளக்கு எரிந்தது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் பாழடைந்து, கடைமடைக்கு நீர் செல்லாத நிலை. 1980களின் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு முயற்சி செய்தன. அவர்கள் முதலில் அனுப்பியது இயந்திரமன்று; இளைஞரை. படித்த இளைஞரும் யுவதியரும் ஊரிலே உழவரோடு தங்கினர். கட்டளையிடவில்லை, கேட்டனர். ஒரு வயல் வாய்க்காலைப் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து பேரை ஒன்றுகூட்டி, 'உங்கள் முதற் குறை எது? அதனை நீங்களே தீர்க்க வழி எது?' என்று வினவினர்.

1981இல் குளத்தில் நீர் மிகக் குறைவு. சண்டை பெருகும் என்றே யாவரும் எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. உழவர் தாமே இறங்கி நெடுங்காலம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை வெட்டினர். முறைவைத்து நீர் விட்டனர். மேல்மடையார் மிச்சம் பிடித்துக் கடைமடைக்கு அனுப்பினர். அங்கு மேல்மடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையில் தமிழரும் இருந்தனர். நாட்டிலே இனப்பகை கனன்ற அவ்வாண்டுகளில் ஒரு வாய்க்காலின் ஓரத்திலே இது நிகழ்ந்தது. பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதனைப் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார்.

இந்தோனேசியாவும் இதே பாடத்தை வேறொரு வழியிற் கற்றது. மருந்தை மிகுதியாய்த் தெளித்ததால் கபிலத் தத்தி பெருகி நெல்லை அழித்தபோது, 1986இல் அவ்வரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயற்பள்ளிகள் அங்கே தோன்றின. வாரமொருமுறை உழவர் வயலில் இறங்கி, நன்மை செய்யும் பூச்சியையும் தீமை செய்யும் பூச்சியையும் தாமே எண்ணி, தாமே வரைந்து, தெளிப்பதா வேண்டாமா எனத் தாமே முடிவு செய்தனர். ஆசிரியர் விடை கூறவில்லை. வினாவை மட்டும் கேட்டார்.

எமது பற்றிலே

மீண்டும் எம்மூருக்கு வருவோம். 1950களிலே அல்லை விரிவாக்கத் திட்டம் வெருகலாற்று நீரைக் கொணர்ந்து இப்பகுதியின் முகத்தையே மாற்றிற்று. கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, தோப்பூர், சேருவில என ஒரே நீரை நம்பிய ஊர்கள் பல. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தவர். நீர் இனம் பார்த்துப் பாய்வதன்று. மேடு பள்ளம் பார்த்தே பாய்வது.

1987இன் 13ஆம் திருத்தம் விவசாயத்தையும் விரிவாக்கத்தையும் மாகாணத்திடம் ஒப்படைத்தது. ஆயின் பெரும் நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்தியிடமும், கமநல சேவை நிலையங்கள் மத்தியத் திணைக்களத்திடமும் நின்றன. ஒரே வயலுக்கு நீருக்கு ஓர் அலுவலகம், விதைக்கு ஓர் அலுவலகம், உரத்துக்கு ஓர் அலுவலகம் என்றாயிற்று. அதிகாரம் கொழும்பிலிருந்து இறங்கிற்று, வரம்புவரை வரவில்லை. 1991இன் திருத்தமும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் கமக்காரர் அமைப்புக்களுக்குச் சட்ட உருக் கொடுத்தன. வாசல் திறந்தது, ஆனால் எமது மக்கள் நுழைவதற்குக் காலம் இடங்கொடுக்கவில்லை.

போரும் இடப்பெயர்வும் வயல்களைப் பற்றைக்காடாக்கின. 2004இல் ஆழிப்பேரலை. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு அடைக்கப்பட, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பயிர்நீர் நின்றது. அதனைத் தொடர்ந்து பெரும்போர் மூண்டது. மூதூர் மக்கள் ஓகஸ்டில் ஊரைவிட்டு ஓடினர். உழவர் கூடி முடிவு செய்யவேண்டிய ஒரு துருசு, போரின் வாயிலாக மாறிய கொடுமையை எக்காலத்தும் மறக்கலாகாது. சம்பூர் மக்கள் தம் நிலத்துக்குத் திரும்ப 2015 வரையும் அதன் பின்னரும் காத்திருக்க நேர்ந்தது.

திரும்பி வந்தவர்க்கு நிலம் இருந்தது. வாய்க்காலின் எல்லை தெரிந்த முதியோர் பலர் இல்லை. எம்மடையில் எவன் முறை என்று சொல்லும் நினைவு அறுந்திருந்தது. விதைநெல்லை விலைக்கு வாங்கலாம். அந்நினைவை எங்கு வாங்குவது?

2021: கேளாத காதின் விலை

இவ்வரலாறு பழங்கதையன்று என்பதற்கு 2021ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கை உரம் நல்லதே. இரசாயனத்தின் தீமையை உழவனும் அறிவான். ஆனால் எவ்வளவு காலத்தில், எம்மண்ணில், எப்படி மாறலாம் என்று எந்தக் கமக்காரர் அமைப்பையும் எவரும் கேட்டிலர். நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்து முடியும் காலம். விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நாடு அரிசி இறக்குமதி செய்தது. ஆணையிட்டவர் தவறினார்; இழந்தவன் உழவன். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு வட்டவிதானையார் அவ்வாறு தனித்து முடிவெடுத்திருப்பின், களத்திற் சுவந்திரம் கிடைத்திராது!

இளைஞர் கடமை

இந்நெடுங்கதையினின்று நாம் பெறுவது யாது? ஒன்று: உழவர் தெரிந்தெடுத்த அமைப்பு குறையுடையதாயினும், நியமித்த அமைப்பினும் அது வலிது, ஏனெனில் அதனைத் திருத்த உழவனால் முடியும். இரண்டு: உத்தியோகத்தர் வேண்டியவரே, ஆயின் அவர் விடையோடு வருவதினும் வினாவோடு வருவதே நன்று. மூன்று: கடைமடையான் பேசாத கூட்டம் கூட்டமாகாது.

எமது கமக்காரர் அமைப்புக்களின் கூட்டங்களுக்குச் சென்று பார்க்க. அங்கே நரைத்த தலைகளே மிகுதி. நல்ல அனுபவமுண்டு, ஆனால் கூட்டக் குறிப்பு எழுத ஆளில்லை, கணக்கு வைக்க ஆளில்லை, மடல் வரைய ஆளில்லை. கல்லோயாவிற் செய்ததும் இதுவன்றோ? படித்த இளைஞன் உழவனுக்குப் போதிக்கச் செல்லவில்லை, எழுதுகோலாகச் சென்றான்.

எமது மன்ற இளைஞரும் அவ்வாறு செய்யலாம். ஊருக்கு ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் அளவு குறிக்கலாம். எவ்வயலில் எவ்வினம் எவ்வளவு விளைந்தது என்பதைப் போகந்தோறும் எழுதிவைக்கலாம். வாய்க்காலின் வரைபடத்தை, இருக்கும் முதியோரைக் கேட்டு, அவர் உள்ளபோதே கீறிவைக்கலாம். இதில் அயலூர் முஸ்லிம் இளைஞரையும் சிங்கள இளைஞரையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். வாய்க்கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் எமது நட்பும் செல்லவேண்டும். இக்குறிப்பேட்டோடு உழவர் அலுவலகத்திற்குச் செல்வாராயின், அவர் வேண்டுகோளை விண்ணப்பமென ஒதுக்க எவராலும் இயலாது. அது சான்றாக நிற்கும்.

பெரியோர்களே, உங்கள் நினைவை எமக்குத் தாருங்கள். இளைஞர்களே, வரும் பெரும்போகத்து ஆரம்பக் கூட்டத்திற்கு ஒருவராவது செல்லுங்கள். பின் வரிசையில் அமர்ந்து, கடைமடையான் பேசுவதைக் கேட்டு, அதனை எழுதி வாருங்கள். அடுத்த மலரில் அக்குறிப்பே முதற் கட்டுரையாக வெளிவருமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.

உழவு வாழ்க! ஊர் ஒற்றுமை ஓங்குக!